தாய்மாமன் எடுத்த தொண்ணூற்றெட்டு

ஒரு காட்டில் ஒரு காயல் இருந்தது. காயல் இருந்தால் அக்கரை இருக்கும். அக்கரை இருந்தால் அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் சும்மா இருப்பார்களா? விசேஷம் வைப்பார்கள்.

இக்கரையில் வீரமலை என்றொரு முயல் வசித்தது. அக்கரையில் அதன் தங்கை பொன்னாத்தா தன் குட்டிக்குக் காது குத்த நாள் குறித்திருந்தாள். முயல் வீட்டில் காதுகுத்து என்றால் லேசுப்பட்ட விசேஷமில்லை. அந்தக் குலத்துக்கு இருக்கும் ஒரே சொத்து காதுதான். குட்டி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் குத்துவார்கள். வீரமலையை விட்டால் பொன்னாத்தாவுக்கு வேறு அண்ணன் கிடையாது.

முன்பெல்லாம் நீர்நாய் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய் விடும். ஒருநாள் அதில் போன சிங்கராஜாவின் பிடரி நனைந்துவிட்டது. மறுநாளே ஆணை வந்தது: இனி அவரவர் பாய்மரப் படகை அவரவரே ஓட்டிச் செல்ல வேண்டும், நீந்தத் தெரிந்தவர்கள் உட்பட.

வீரமலை வரிசையில் நின்று, விண்ணப்பத்தை மூன்று பிரதி எழுதி, பயிற்சி நிலையத்தில் சேர்ந்தது. பயிற்சியாளர் ஒரு குரங்கு. வாலின் நுனியைக்கூடத் தண்ணீரில் நனைத்தறியாதவர். படகு மணலில் கிடந்தது. குரங்கார் ஆலமரக் கிளையில் இருந்தபடி பாடம் நடத்தினார்.

வீரமலையோடு படித்தது பெரியகருப்பு என்ற எருமை. அக்கரையில் புல் பச்சையாக இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தது. வகுப்பு தொடங்கியதும் தூங்கிவிடும். முயல் குலத்துக்கோ தூக்கத்தால் ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆகவே வீரமலை கண்ணை இமைக்காமல் கேட்டது. பதினாறு வகை முடிச்சையும் மனப்பாடம் செய்தது.

ஒருநாள் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டது. "ஐயா, காத்து எதிர்ல அடிச்சா என்ன பண்றது?"

"அது பாடத்திட்டத்துல இல்லப்பா. முடிச்சைப் பாரு," என்றார் குரங்கார்.

பரீட்சையில் வீரமலைக்குத் தொண்ணூற்றெட்டு. பெரியகருப்புக்கு முட்டை. அதுவும் பெயர் எழுதாததால் யாருடைய முட்டை என்று தெரியவில்லை.

காதுகுத்தன்று காலை இரண்டும் துறைக்கு வந்தன. காவலுக்கு நின்ற நாரை, வீரமலையின் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டி, முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்து, அரைமணி நேரம் நிற்கவைத்தது. பெரியகருப்பிடம் பார்க்க எதுவுமே இல்லை. அதனால் உடனே விட்டுவிட்டது.

காற்று அக்கரையிலிருந்து நேர் எதிராக அடித்தது. வீரமலை குறிப்பேட்டைத் திறந்தது. 'சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் படகைத் திருப்பிப் பாயை விரிக்கவும்' என்று இருந்தது. அப்படியே செய்தது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு பின்னால் நகர்ந்தது.

பெரியகருப்புக்கு முகத்தில் காற்றடித்தால் மூக்கு ஒழுகும். எனவே படகைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வாகத் திருப்பிக்கொண்டது. பாய் புடைத்தது, படகு ஓடியது. சற்று நேரத்தில் வெயில் கண்ணில் குத்தவே, வலப்பக்கம் திருப்பியது. இப்படியே அங்கும் இங்குமாகப் போகையில், துறையருகிலேயே பின்வாங்கிக்கொண்டிருந்த வீரமலையைத் தாண்டியது.

"தம்பி, கொஞ்சம் சாய்ச்சுத் திருப்பு. தானாப் போவுது."

"நீ வாங்குனது முட்டை. நீ எனக்குப் பாடம் நடத்துறியா?" என்றது வீரமலை.

பெரியகருப்பு கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கு அந்த வழக்கம் இல்லை.

அக்கரையில் பொன்னாத்தா கரையிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணனின் பாய் தெரிந்தது, வரத்தான் இல்லை. காது குத்த வந்த மரங்கொத்தி அவசரப்பட்டது. "நல்ல நேரம் முடியப்போவுது. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. யாராச்சும் மடி குடுங்கம்மா."

அப்போதுதான் கரையேறிய பெரியகருப்பு, புல் எந்தப் பக்கம் என்று விசாரித்தது. அதைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மடி விசாலமாக இருந்தது. குட்டி அழவே இல்லை.

சாயங்காலம் காற்று திரும்பியதும் வீரமலையின் படகு, குறிப்பேட்டில் சொன்னபடியே, நேராக வந்து சேர்ந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமனுக்கு எடுத்த வேட்டி எருமையின் கழுத்தில் கிடந்தது. அதன் முதுகில் குட்டி ஏறி, "மாமா, மாமா" என்று சவாரி செய்துகொண்டிருந்தது.

வீரமலை படகை விட்டு இறங்கியது. தங்கையிடம் சான்றிதழை நீட்டியது.

"இது யாரும்மா?" என்று குட்டி கேட்டது.

பொன்னாத்தா அண்ணனைப் பார்த்தாள். சான்றிதழை ஒருமுறை வாசித்தாள்.

"படகு ஓட்டப் படிச்சவரு," என்றாள்.

நீதி: விழித்திருந்து படிப்பவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், வகுப்பில் தூங்குபவருக்கு வேட்டியும் விருந்தும் கிடைக்கும். இரண்டும் வேண்டுமென்றால், காது குத்தும் தேதியைக் காற்றிடம் கேட்டுக் குறிக்கவும்.