அது அம்மை இல்லை, ரேசர்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய பிரம்மநாயகம் அண்ணாச்சி அவர்களுக்கு,

நிகிலின் ஆச்சி உலகம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. விக்ரோலியில் நீங்களும் மதினியும், மகனும் மருமகளும், எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வரவேண்டிய பேத்தி சாதனாவும் நல்லபடியாக இருக்க அந்த உலகம்மன் துணை. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அம்மை, காய்ச்சல், இருமல் எதுவும் யாருக்கும் கிடையாது. கடிதம் என்றால் எல்லோரும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இந்த ஒரு வரிக்காகத்தான் கடிதமே எழுதுகிறேன்.

போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. மதினிதான் எடுத்து, "அவுக குளிக்காக" என்கிறார்கள். காலையில் கேட்டாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் கேட்டாலும் குளிக்கிறீர்கள். எங்கள் வீட்டு வாசலை மிதித்த தோஷத்துக்கு வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கிறீர்கள் என்று பிறகு காதில் விழுந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பேரன் எம்.சி.ஏ. படித்து, பாந்த்ராவில் கண்ணாடிக் கட்டடத்தில், லிஃப்டில் ஏறிப் போகிற ஆபீசில் இருக்கிறான். அங்கே அவனைக் கேட்காமல் ஒரு கம்ப்யூட்டரும் திறக்காதாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அமைந்த சம்பந்தம், ஒரு கொத்து வேப்பிலையால் போய்விட்டது என்றால் நான் சும்மா இருக்க முடியுமா?

நடந்தது இதுதான். அவன் ஆபீசில் யாரோ ஒரு கூட்டுக்காரன் பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு ரேசர் கொடுத்திருக்கிறான். ஸ்டீலில் நல்ல கனம். கைப்பிடியைத் திருகினால் தலை கழன்று வரும், நடுவில் ஒரே ஒரு பிளேடு. இத்தனை நாள் வைத்திருந்த பிளாஸ்டிக் ரேசரில் வரிசையாய் அஞ்சு பிளேடு இருந்ததால் முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு, கழுத்தெல்லாம் குரு குருவாய் வந்துவிட்டதாம். ஒற்றை பிளேடு என்றால் அந்தத் தொந்தரவே இருக்காதாம். சொன்னவன் யாரோ புண்ணியவான். அவன் கல்யாணப் பந்தியில் ரசத்துக்கு உப்பு இல்லாமல் போக.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை முகத்தில் கத்தி படக்கூடாது, வியாழக்கிழமை அவன் நட்சத்திரம், ஆகவே சனிக்கிழமைதான் எடு என்று நான்தான் சொன்னேன். அதற்குள் முகம் முழுக்கப் புல் முளைத்துவிட்டது. சனிக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து மோரியில், அதான் மூலையில் நாங்கள் குளிக்கிற இடத்தில், போய் உட்கார்ந்துகொண்டான். வாளி மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரன் தாடையைத் தடவித் தடவி என்னவோ பாடம் நடத்தினான். முதலில் சுடுதண்ணீரில் துண்டை நனைத்து முகத்தில் போட வேண்டுமாம். பிறகு பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்து நுரை எடுக்க வேண்டுமாம். இவன் குழைக்கிறான், குழைக்கிறான், நுரை வருவேனா என்கிறது. "ஆச்சி, இந்த பிரஷ்ல என்ன வாடை இது?" என்று கத்தினான். நல்லெண்ணெய் வாடைதான். புது பிரஷ், குஞ்சமும் மெத்தென்று இருந்தது, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவத்தான் மருமகள் பகவதி வாங்கியிருக்கிறாள் என்று நினைத்து முதல்நாள் ராத்திரி ஒரு ஈடு தோசை சுட்டிருந்தேன். தோசை ரொம்ப நன்றாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வழியாய் மழிக்க ஆரம்பித்தான். ரேசரை அழுத்தக் கூடாதாம், அதன் கனத்துக்கு அதுவே இறங்குமாம், முடி வளர்ந்த பக்கமாகவே இழுக்க வேண்டுமாம், எதிர்ப்பக்கம் போகக் கூடாதாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாதாம். கூடாது கூடாது என்றால் பின்னே எப்படித்தான் எடுப்பது? நான் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை முகம் பளிங்கு மாதிரி இருக்க வேண்டாமா? நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஏல, தாடைக்குக் கீழ ஒண்ணு நிக்கி, எடு" என்றேன். எடுத்தான். "அந்தா, காதுப் பக்கம் ஒண்ணு." எடுத்தான். "அது மேல பாத்துல்லா நிக்கி, எதிர்த்தாப்புல இழுத்தாத்தானே வரும்? தேங்கா துருவுத மாதிரி நல்லா அமுக்கி இழு!"

"அரே ஆச்சி, எரியுது! சோடு நா, விடுங்க!"

"எரிஞ்சா எரியட்டும். நாளைக்கு அண்ணாச்சி வந்து பாக்கும்போது ஒரு முடி நின்னா யாருக்கு அசிங்கம்?"

நான் கண்ணாடி வழியாய்ப் பார்க்கப் பார்க்க ஒன்று விடாமல் எடுத்து முடித்தான். முகம் நிஜமாகவே பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பளிங்கைக் காணோம். கன்னம், தாடை, கழுத்து எல்லாம் செக்கச் செவேலென்று பொரிப்பொரியாய்க் கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு ரஷீதா எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சி, பேரனை மாப்பிள்ளைக்குச் சோடிச்சியளா, இல்ல பிரியாணிக்கு உரிச்சியளா?" என்று கேட்கிறாள். அவளுக்கு வாய் கொழுப்பு. ஆனால் மனசு நல்ல மனசு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் செய்தேன். முதலில் படிகாரம் தடவினேன், கத்தினான். எலுமிச்சம்பழம் தேய்த்தேன், எழுந்து ஓடினான். விடிந்து பார்த்தால் பொரி இன்னும் ஜாஸ்தி. அதனால் ஞாயிறு காலையில் வேப்பிலைக் கொழுந்தும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்து முகம் கழுத்தெல்லாம் அப்பி, சட்டை கறையாகாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டோடு பாயில் உட்கார வைத்தேன். நீங்கள் வருவதற்குள் காய்ந்துவிடும், கழுவிவிடலாம் என்று கணக்கு. மீதி வேப்பங்கொத்தை எங்கே வைக்க? எங்கள் வீடு உங்கள் விக்ரோலி ஃபிளாட் இல்லை அண்ணாச்சி. கட்டிலுக்கு மேலே துணி, கீழே அரிசி. வாசல் நிலையில் ஒரு ஆணி சும்மா இருந்தது, மாட்டினேன். ஆணி சும்மா இருந்தால் யாருக்கும் மாட்டத்தானே தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், டிரெயின் கிடைக்காது என்று பயந்து நீங்கள் டாக்சி பிடித்து முன்னாடியே வந்துவிடுவீர்கள் என்று யார் கண்டது? என் மகன் உங்களை எதிர்பார்த்து ஸ்டேஷனில் நிற்கிறான். பகவதி பூ வாங்கப் போயிருக்கிறாள். நீங்கள் வந்து ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்தீர்கள். நிமிர்ந்தீர்கள். வாசலில் வேப்பிலை. உள்ளே பார்த்தீர்கள். மஞ்சள் பூசி, செம்பொரி பொரித்து, இடுப்புத் துண்டோடு என் பேரன். எடுத்த காலைத் திரும்பவும் செருப்புக்குள் விட்டீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். "வாங்க அண்ணாச்சி" என்று நான் எழுந்து வருவதற்குள் கொண்டுவந்த பழத்தை ரஷீதா வீட்டு நடையில் வைத்துவிட்டு, போய்விட்டு வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டீர்கள். அம்மை கண்ட வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அம்மை இல்லாத வீட்டில் அப்படிச் சொல்லாமல் போனால் அதற்கு வேறே அர்த்தம் அல்லவா?

நீங்கள் போனதைப் பார்த்துத் தெரு முழுக்க நம்பிவிட்டது. அம்மை வீட்டுக்குத் தாளிக்கிற வாடை ஆகாதென்று எதிர்வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். யார் யாரோ இளநீர் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். வீணாகக் கூடாது என்று நான்தான் குடிக்கிறேன், எனக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. உங்கள் பழத்தை ரஷீதா அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள், திராட்சை மட்டும் அவள் வீட்டில் குறைந்துவிட்டது. நிகிலோ சரியாய்ச் சாப்பிடுவதில்லை. போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் டாங்கிப் பக்கம் போய்ப் போய் வருகிறான். ஆபீஸ் வேலையாம்.

அண்ணாச்சி, என் பேரன் முகத்தில் வந்தது கத்தி எரிச்சல்தான், அம்மன் மேல் ஆணை. குணத்தில் அவன் தங்கம். பெண்பிள்ளைகள் இருக்கிற பக்கம் தலை தூக்க மாட்டான். உங்கள் பேத்தி போட்டோவைக் கொடுத்தபோதுகூட வெட்கப்பட்டுக் கவிழ்த்து வைத்தான். சாதனாவும் அடக்கமான பெண், நிமிர்ந்து பேசாது என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்றையொன்று பார்த்தே இராத இந்த இரண்டு பிள்ளைகளையும் கோயிலில் வைத்து ஜாதகம் கேட்டுச் சேர்த்து வைக்கப் பார்த்தது நான். எவனோ கொடுத்த ஒரு ரேசரால் அது கெடலாமா? அடுத்த ஞாயிறு அவசியம் வரவேண்டும். அன்றைக்கு மெகா பிளாக் இருந்தாலும் வரவேண்டும்.

மதினிக்கு என் அன்பு. உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் நூறு வயசு. சாதனாவுக்கு, தலை நிறையப் பூவும் வாய் நிறையச் சிரிப்புமாய் இருக்க என் ஆசி. நீங்கள் குளிப்பதைக் கொஞ்சம் குறைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உலகம்மாள்

பின்குறிப்பு: கவரில் பசை தடவும்போது வாசலில் நிழலாடியது. உங்கள் பேத்தி. ஆபீசுக்குப் போகிற வழியாம். வந்ததும் வராததுமாய் ஆணியிலிருந்த வேப்பிலையை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, நேரே மோரிக்குப் போய் நிகிலைப் பார்த்து, "பாகல், பைத்தியக்காரா, நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? தபாத்தா க்யூன் ஹை? அமுக்காதேன்னு சொன்னேன்ல!" என்கிறாள். ரேசர் அவள் கொடுத்ததாம். இரண்டு பேரும் ஒரே கண்ணாடிக் கட்டடமாம், ஒரே லிஃப்டாம். கோயிலில் என்னிடம் ஜாதகம் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஏற்பாடுதானாம், பகவதிக்கும் தெரியுமாம். பொரியெல்லாம் நன்றாய் அமர்ந்திருந்ததால் இன்று எடுக்கலாம் என்று அவளே பக்கத்தில் நின்றாள். நானும் ஸ்டூலைப் போட்டேன். "ஆச்சி, நீங்க அந்தக் கண்ணாடிய மட்டும் கழட்டி வச்சிருங்க" என்றாள். கழற்றினேன். ஒரு பொரி வரவில்லை. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் பளிங்கேதான்.

ஆகவே மேலே எழுதியதில் சுகம் என்பதைத் தவிர மற்ற எதையும் நம்ப வேண்டாம். வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். ரேசர் கொடுத்தவருக்கு நான் இட்ட சாபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்; அந்தப் பந்தியும் நம் பந்தியும் ஒன்றுதானே, ரசத்துக்கு உப்பு நானே நின்று போடுகிறேன். கடிதத்தைச் சாதனாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராதாம், அதுவும் நல்லதுக்குத்தான். நான் ஸ்டேஷனில் பார்த்துக் கொடுத்ததாய் உங்களிடம் சொல்லுவாள். நம்பினது மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

இந்தா, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள், கடிதத்தைக் கேட்கிறாள். நீங்கள் சொல்லாமல் போனதை அவள் சொல்லிவிட்டாள் அண்ணாச்சி: "போயிட்டு வாரேன் ஆச்சி."