தாமதமானவர்களின் பட்டியல்

சாம்பலாற்றின் தென்கரையில் வாகைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட மன்னருக்கு மட்டுமே அனுமதி என்பதால் தேர்தல் எப்போதும் அமைதியாக நடந்தது.

ஒரு காலத்தில் அந்நாட்டில் பதினொரு நாளிதழ்கள் வந்தன. மன்னர் வீட்டுக்கொரு பேசும் கண்ணாடியை இலவசமாகக் கொடுத்த பிறகு அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. கண்ணாடி, பார்ப்பவரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த செய்தியை மட்டும் சொன்னது. மிஞ்சியது ‘நேர்சொல்’ ஒன்றுதான். அதற்கு நானூறு வாசகர்கள், ஓர் அச்சு இயந்திரம், பூவராகன் என்ற ஆசிரியர், அல்லியங்கோதை என்ற நிருபர்.

அக்கரை நாட்டோடு போர் மூண்டது. செய்தித்துறை அமைச்சர் நிருபர்களை அழைத்தார். வந்தவள் அல்லியங்கோதை மட்டுமே.

“போர்க்களம் ஆபத்தானது. தங்கள் உயிரின் மீது மாமன்னர் அளவற்ற அக்கறை கொண்டுள்ளார். ஆகவே இன்றுமுதல் இந்த அறையே போர்க்களம் என அறிவிக்கப்படுகிறது. இங்கமர்ந்து தாங்கள் அச்சமின்றிச் செய்தி சேகரிக்கலாம்.”

“இதுவரைக்கும் எத்தனை பேர் செத்திருக்காங்க, ஐயா?”

“வாகைநாட்டுப் படையில் எவரும் சாவதில்லை. சிலர் திரும்பிவரத் தாமதமாகிறது, அவ்வளவே.”

அடுத்த வாரம் அது சட்டமாயிற்று. அதற்கடுத்த வாரம் இன்னொரு சட்டம் வந்தது: தாமதமானவர் திரும்பும்வரை அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் அவரிடத்தை நிரப்ப வேண்டும். அண்ணன் தாமதமானால் தம்பி, தம்பியும் தாமதமானால் அப்பா. ஒருவர் போரில் இறந்த வீட்டிலிருந்து மற்றவரை அழைக்கக் கூடாது என்ற பழைய சட்டமும் அப்படியே இருந்தது. யாரும் சாகாத நாட்டில் அதை நீக்குவதற்கு அவசியம் ஏற்படவில்லை.

பூக்கட்டிப் பிழைக்கும் பொன்னுருவி ஒருநாள் ‘நேர்சொல்’ அலுவலகத்துக்கு வந்தாள். மூத்த மகன் தாமதமாகி மூன்று மாதம். இளையவனுக்கு அழைப்பு வந்துவிட்டது.

“கண்ணாடியில பெரியவன் தினமும் சிரிக்கிறான்மா. மூணு மாசமா அதே சட்டை. இருக்கானா இல்லையான்னு பாத்துச் சொல்லு. இல்லேன்னா அழுதுட்டுச் சின்னவனையாவது வச்சுக்குவேன்.”

மறுநாள் அல்லியங்கோதை ஒரு மாட்டுவண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படைமுகாமுக்குப் போனாள். வழியில் மூன்று முறை குண்டு விழுந்தது. மூன்று முறையும் மண்ணில் குப்புறப் படுத்தாள். மூன்றாவது முறை வண்டிக்காரர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

முகாமில் எந்த அதிகாரியும் வாய் திறக்கவில்லை. சமையல்காரர் மருதையன் மட்டும் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்றை நீட்டினார்.

“பந்திக்கு வராதவன் பேரை எழுதிடுவேன். உலை வைக்கிறவனுக்குத் தெரியாம யாரும் சாக முடியாதும்மா.”

நோட்டில் ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு பெயர்கள் இருந்தன. அதை மட்டும் நம்பி எழுத அவளுக்கு மனம் வரவில்லை. ஆற்றங்கரை மண்மேடுகளில் நட்டிருந்த கட்டைகளில் கரியால் பெயர் எழுதியிருந்தது. இரண்டு நாள் முழுக்க மேடுமேடாக நடந்து சரிபார்த்தாள். பொன்னுருவியின் மகன் இளமாறன் நாற்பதாவது மேட்டில் இருந்தான். அங்கே மட்டும் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் திரும்பியபோது நாளிதழ் அடிக்கத் தாள் இல்லை. மன்னரின் வெற்றிப்படம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்க வேண்டும் என்று புதிய ஆணை வந்திருந்தது. நாட்டின் தாள் முழுவதும் அதற்கே. படத்தைக் கிழித்தாலோ ஏற்க மறுத்தாலோ ராஜத்துரோகம். மற்ற அச்சகங்களையெல்லாம் அரசே மூடிவிட்டதால், பத்து லட்சம் படங்களையும் அச்சடிக்கும் வேலை ‘நேர்சொல்’ இயந்திரத்துக்கே வந்து சேர்ந்தது.

பூவராகன் ஒரு படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அல்லி, பின்பக்கம் காலியா இருக்கு.”

“மாட்டினா தூக்குதான், சார்.”

“நானூறு பேருக்கே பயப்படாம எழுதினோம். பத்து லட்சம் பேருக்கு எழுதப் பயப்படலாமா? நீ பேரையும் மேட்டு எண்ணையும் வாசி, நான் எழுத்துக் கோக்கறேன்.”

சோதனைக்கு வந்த அதிகாரி முன்பக்கத்தில் மன்னரின் மீசையை அளவுகோல் வைத்து அளந்தார். “மீசை சரியாக உள்ளது” என்று எல்லாக் கட்டுகளையும் ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் அரசு முத்திரை பதிக்கச் சொன்னார். அரசு ஊழியர்களே அவற்றை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாசலில் மன்னர் தெருவைப் பார்த்துச் சிரித்தார். பெயர்கள் வீட்டைப் பார்த்தன.

மூன்றாம் நாள் காலை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் முன் பெருங்கூட்டம். அழுது வீங்கிய முகத்தோடு, கையில் அந்தப் படத்தோடு பொன்னுருவி முதலில் நின்றாள்.

“என் பெரியவன் தாமதமாகல. செத்துட்டான். நாப்பதாவது மேட்டுல கிடக்கான். சின்னவனை அனுப்ப மாட்டேன்.”

“இது ஆதாரமற்ற செய்தி. இந்தத் தாளை ஏற்க இயலாது” என்றார் அதிகாரி.

பொன்னுருவி தாளைத் திருப்பி மன்னரின் முகத்தைக் காட்டினாள்.

“இது உங்க முத்திரைதானே? ஏத்துக்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

அதிகாரி உள்ளே போனார். மேலதிகாரியும் உள்ளே போனார். மாலைவரை உள்ளே பேசினார்கள். படத்தை மறுத்தால் துரோகம், ஏற்றால் சாவு உண்மை. அரசே முத்திரை பதித்துக் கொடுத்த தாள் என்பதால் ‘நேர்சொல்’ மீது வழக்குப் போடவும் வழியில்லை. கடைசியில் பழைய சட்டப்படி ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு வீடுகளுக்கும் விலக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த மற்ற வீடுகள், தங்கள் பிள்ளைகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டன. அடுத்த அணிவகுப்புக்கு முரசடிப்பவர்கள் மட்டுமே வந்தார்கள். ஒரு மாதத்தில் போர் நின்றது.

மாமன்னர் தாம் வென்றதாகக் கண்ணாடியில் அறிவித்தார். அப்போது மக்கள் ‘நேர்சொல்’ வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள். அன்று மட்டும் ஆறு முறை அச்சடித்தும் போதவில்லை. பூவராகன் வேட்டியெல்லாம் மையோடு வெளியே வந்து, “கொஞ்சம் பொறுங்கய்யா, மிஷின் சூடாயிடுச்சு” என்று கத்தினார். வரிசை கைதட்டியது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பரிசலில் ஆற்றைக் கடந்து வந்தவர். மூடப்பட்ட அக்கரை நாளிதழின் நிருபர். சட்டைக்குள்ளிருந்து ஈரமான காகிதக் கட்டை எடுத்து வைத்தார்.

“எங்க நாட்டுலயும் யாரும் சாகலைங்க. நீண்ட ஓய்வுல இருக்காங்களாம். இது அவங்க பேரு. அங்க அடிக்க மிஷின் இல்ல.”

ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சரிபார்த்தார் என்று அல்லியங்கோதை அவரிடம் கேட்டாள். பதிலைக் கேட்டபின் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

பூவராகன் எழுத்துப் பெட்டியைத் திறந்தார். “தலைப்புல எந்த நாட்டுச் செய்தின்னு போடறது?”

“நாட்டுப் பேருக்கு இடம் விட்டுடுங்க, சார்” என்றாள் அல்லியங்கோதை. “படிக்கிறவங்களே எழுதிக்குவாங்க.”