வீராங்கனைக்கு ஒரு சிலை

பெண்களின் முன்னேற்றத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்த அமைப்புகள் உலகில் மிகச் சிலவே. அவற்றில் முதலாவது தங்கள் டென்னிஸ் சங்கம் என்பதில் அதன் செயலாளருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தூக்கத்தைக் கெடுத்தவர் முன்னாள் சாம்பியன்.

ஆடிய காலத்தில் கோப்பைகளால் சங்கத்தின் கண்ணாடி அலமாரியை நிரப்பினார். அதோடு நின்றிருந்தால் தங்கமான பெண். ஓய்வு பெற்றதும் பேசத் தொடங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு என்றார். பிள்ளை பெற்றவளின் தரவரிசையைப் பறிக்காதே என்றார். இப்போது, மைதானத்தில் பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை வேண்டுமாம்.

"பொண்ணுங்க காருக்குள்ள குனிஞ்சுக்கிட்டு மாத்துறாங்க, சார். கார் இல்லாதவ என்ன பண்ணுவா?"

"குழு போட்டிருக்கோம்மா."

"குழுவுல பொம்பளைங்க யாரு?"

"நடுநிலையா முடிவெடுக்கணும்ல?"

நடுநிலைக் குழு ஆழ்ந்து சிந்தித்தது. அறை கட்டினால் அடுத்த கோரிக்கை வரும். சிலை வைத்தால் நன்றியுரைதான் வரும்.

சிற்பிக்கு ஒரு சந்தேகம். "வாய் தொறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

"மூடிடுங்க," என்றார் செயலாளர்.

"அவங்க வாய மூடி நான் பாத்ததே இல்லையே, சார்."

"யாருமே பாத்ததில்ல. அதுக்குத்தானய்யா சிலை."

விழா நாள். மைதான வாசலில் இரண்டு ஆள் உயரச் சிலை. உச்சி முதல் தரை வரை நீலப் பட்டுத் திரை. விழாவை முன்னிட்டுச் சிறுமிகளுக்குப் போட்டியும் உண்டு. சங்கத் தலைவர் 'மகளிர் எழுச்சி' பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சாம்பியன் முன்வரிசையில் வாய் திறக்காமல் புன்னகைத்தார். திறக்கும் முன்பே சிலை வேலை செய்கிறதே என்று செயலாளர் நெகிழ்ந்துபோனார்.

தலைவர் கயிற்றைப் பிடித்தார்.

"ஐயோ, இழுக்காதீங்க சார்!" திரைக்குள்ளிருந்து அலறல். "உள்ள டிரெஸ் மாத்துறோம்!"

"தள்ளுடி, அடுத்த மேட்ச் எனக்கு!" என்றது இன்னொரு குரல்.

செயலாளர் சாம்பியனிடம் ஓடினார். "என்னம்மா இது?"

"கத்தாதீங்க, சார். பின்னால வரிசை நிக்குது."

நின்றது. பையும் மட்டையுமாய்ச் சிறுமிகள், வாசலைத் தாண்டித் தெருவரைக்கும்.

தலைவர் கயிற்றைப் பாம்பை விடுவதுபோல் விட்டார். "இப்ப என்னய்யா பண்றது?"

"கைதட்டிருவோம், சார்."

கைதட்டினார்கள். சிலை இன்றுவரை திறக்கப்படவில்லை. இத்தனை ஆண்டுகளில் சங்கம் பெண்களுக்கென்று கட்டிய ஒரே அறை அதுதான். அதையும் தெரியாமல்தான் கட்டியது.