வளவாளர் ஜோர்ஜ்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கதையோ ஒரேயொரு சொல்லில் தொங்குகிறது. அது பிசகினால் பக்கத்து வீட்டு ஜோர்ஜ் அண்ணன் என்னைச் சும்மா விடமாட்டார்.

கந்தப்பளையில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவர் ஜோர்ஜ். அந்த மெஷின் தன் பேச்சைத்தான் கேட்கும் என்பார். வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் மகள் தயானி பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் கொண்டுவந்தாள். ஏப்ரல் லீவில் நுவரெலியாவில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் பொறியியல் முகாம். ரோபோ செய்யப் பழக்குவார்களாம். தகப்பன் கையெழுத்து வைத்தால்தான் இடம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஜோர்ஜ் சபதமே எடுத்துவிட்டார்.

"உசுரு போனாலும் கையெழுத்துப் போட மாட்டேன்! கேம்பாம் கேம்பு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்குரூ டிரைவர்?"

தயானி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மனைவி டோரீன் மட்டும் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை.

"சரிதாங்க, போடாதீங்க. உங்களக் கேட்டதுதான் வீணாப் போச்சு."

"என்னையவா? யாரு கேட்டா?"

"டீச்சர்தான். கேம்புக்கு வளவாளர் வேணும்ல? உங்க பேரச் சொல்லிட்டேன்."

வளவாளர்! வெளியிலிருந்து வந்து பாடம் நடத்தும் பெரிய மனிதர்களைப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஜோர்ஜின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மெஷினப் பத்திப் பேசணுமோ?"

"எனக்கென்னங்க தெரியும்? வேணாம்னா உங்ககூட ஃபெக்டரில வேல செய்ற சோலைமலை அண்ணனக் கேக்கச் சொல்றேன்."

"அவனையா? அவனுக்கு நட்டு எது, போல்ட்டு எதுன்னு தெரியுமா? எங்கடி பேனா?"

இரண்டு இடத்தில் கையெழுத்து. ஒன்று மகளுக்கு, ஒன்று தனக்கு. ஒரு வரி வாசிக்கவில்லை.

தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு, ரோலரைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு, முகாம் நடக்கும் நுவரெலியாப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினார். யாழ்ப்பாணத்துக் குணபூசணி டீச்சர் ஓடிவந்தார்.

"வாங்கோ ஐயா! வளவைப் பாக்க ஒரு தகப்பனும் வரேல்லை. நீங்கள் அஞ்சு நாளும் நிப்பியள் எண்டு மிஸிஸ் சொன்னவா."

"வளவையா?"

"ஓம், பள்ளிக்கூட வளவு. முற்றம் கூட்டவேணும், கேற்றில நிக்கவேணும். விளக்குமாறு அந்த மூலையில கிடக்கு."

ஜோர்ஜ் எட்டுப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏன்டி, குப்ப கூட்டவா என்னைய அனுப்புன?"

"வளவ ஆளுறவரு வளவாளர்தானேங்க? ஆளுங்க!"

திரும்பிப் போனால் சோலைமலை சிரிப்பான். ஜோர்ஜ் கூட்டினார். கூட்டிவிட்டுக் கேற்றுப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணயர்ந்தார். கண்ணயரும் போதெல்லாம் கிட்டத்தில் எங்கோ 'கிணிங்' என்று ஏதோ கத்தியது.

ஐந்தாம் நாள் கண்காட்சி. முதல் பரிசு தயானிக்கு. அவள் செய்தது, காவலுக்கு இருப்பவர் தூங்கினால் மணியடிக்கும் நாற்காலி.

"நாலு நாளும் அப்பாவ வெச்சுத்தான் சோதிச்சுப் பாத்தேன்" என்றாள் மேடையில். கண்காட்சி பார்க்க வந்திருந்த டோரீன்தான் முதலில் கை தட்டினாள்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு ஜோர்ஜ் அண்ணனிடமே போனேன்.

"அண்ணே, உங்களப் பத்தித்தான் எழுதியிருக்கேன். தலைப்பே வளவாளர்னு போட்டிருக்கேன். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

முதுகு நிமிர்ந்தது. பேனா கேட்டார். போட்டார்.

ஒரு வரி வாசிக்கவில்லை.