வாந்தி வராத வண்டி

எலுமிச்சம்பழத் தோலை யாராவது நகத்தால் கீறினால் போதும், எனக்கு வயிறு புரளும், கூடவே சிரிப்பும் வரும். இரண்டும் ஒருசேர வருவது உடம்புக்கு நல்லதல்ல. என்ன செய்ய, அந்த வாசனைக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை இறுக மூடி, மூக்கில் பழத்தை அழுத்தியபடி, "நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்கிறார்.

வாந்தி எடுத்தே குடும்பம் நடத்திய மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். காஞ்சிபுரத்தில் பழைய கார் புரோக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்; ஊருக்கு அவர் எலுமிச்சம்பழம். மற்ற புரோக்கர்கள் பானெட்டைத் திறப்பார்கள், டயரை உதைப்பார்கள். இவருக்கு எஞ்சின் எந்தப் பக்கம் என்பதே நிச்சயமில்லை. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு "எஞ்சின யாரோ கழட்டிக்கினு போய்ட்டாங்கபா" என்று கூச்சல் போட்டவர். பின் சீட்டில் ஏறி உட்காருவார், அவ்வளவுதான். குமட்டாத வண்டி என்று ஒன்று அவர் வாழ்க்கையில் கிடையாது. எதுவரை தாங்கினார் என்பதுதான் தீர்ப்பு. "பாலாத்து பாலம் வரைக்கும் தாங்குச்சு சார், கண்ண மூடிக்கினு வாங்கு" என்றால் அது முதல் தரம். பஸ் ஸ்டாண்டு தாண்டுமுன் தலையை வெளியே நீட்டிவிட்டால், அந்த வண்டியை ஊரில் ஒருவரும் சீந்தமாட்டார்கள்.

நான் அவரிடம் போய் நின்றதற்குக் காரணம் என் மகள் மீனு. ஐந்து வயது. பஸ், ஆட்டோ, ராட்டினம், ஏன், ஊஞ்சல்கூட அவளுக்கு ஆகாது. எனக்கோ கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்துவிட்டது. சாமான் லாரியில் போகும், மீனு எதில் போவாள்? கடைசியாக வாடகைக் காரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மனைவி கோமதியின் அரக்குப் பட்டுப்புடவை முழுக்க வாரி இறைத்துவிட்டாள். அதை நெய்து கொடுத்த பக்கத்துத் தெருக்காரர் பிரித்துப் பார்த்து, "இந்த புட்டா பூ நான் போட்டது இல்லியேமா" என்று முகம் வெளுத்தார்.

கோமதி முடிவாகச் சொன்னாள்: "கொழந்த வாந்தி எடுக்காத வண்டி கெடச்சா வரோம். இல்லாங்காட்டி நீங்க போய் ஓட்டல்ல சாப்டுக்கினு கெடங்க. நாங்க இங்கயே இருக்கோம்." சொன்னதோடு நிற்கவில்லை. கட்டி வைத்த பாத்திர மூட்டையை அவிழ்த்து, குண்டானும் கரண்டியுமாக அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு குண்டானும் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"பெரிய வண்டி ஆடாது சார்" என்று ஆசை காட்டினார் எலுமிச்சம்பழம். சென்னைப் பணக்காரர்கள் ஏறிச் சலித்த சொகுசு ஜீப்புகள் அப்போது எங்கள் பக்கம் கைமாறி வரத் தொடங்கியிருந்தன. செவிலிமேட்டில் மனை வாங்க வைத்திருந்த பணத்துக்குச் சக்கரம் முளைத்தது.

முதலில் வந்தது கறுப்பு, சினிமாக்காரருடையது. பின் சீட்டில் மீனுவும் அவரும், நடுவில் ஒரே பழம்.

"பாப்பா, மாமாக்கு ஒரு மோப்பு, ஒனக்கு ஒரு மோப்பு. ஏமாத்தக் கூடாது."

"நீதான் மாமா ரெண்டு தடவ மோந்த!"

நான் சாவியைத் திருப்பவே இல்லை. அதற்குள் எலுமிச்சம்பழம் கதவைத் திறந்துகொண்டு தெருவில் குதித்தார். உள்ளே அடித்திருந்த சென்ட்டு அப்படி. "வண்டியா சார் இது? சத்திரத்துல பன்னீர் தெளிக்கிறவன் உள்ள செத்துக் கெடக்குறான்."

அடுத்தது வெள்ளை. கொடிக்கம்பியோடு வந்த அரசியல் வண்டி. வழுக்குகிற தோல் சீட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் மீனுவும், இன்னும் நடை பழகாத என் மகனும், தறியில் நாடா ஓடுவதுபோல இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் ஓடினார்கள். எலுமிச்சம்பழத்துக்கு முகம் பச்சையானது. ஆனாலும் மீனுவுக்குத்தான் தைரியம் சொன்னார்: "கிட்டக்க பாக்காத பாப்பா, கொமட்டும். தூரமா பாரு. தோ, அந்தப் பனமரத்தப் பாரு!" பனைமரம் வருவதற்குள் இந்த ஜன்னலில் மீனு, அந்த ஜன்னலில் அவர். எதிரே வந்த சைக்கிள்காரர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் வயலில் இறங்கிவிட்டார். வீட்டில் இன்னும் நாலு குண்டான் அலமாரி ஏறியது.

மூன்றாவது, பாசிப்பச்சை. ஒரு குழந்தை டாக்டர் வைத்திருந்தது. முன்மூக்கு நசுங்கியிருந்தது, ஏசி கிழவரைப்போல் முனகியது, சீட்டுக்கடியில் பிஸ்கட் தூள், கூரையில் கலர் பென்சிலால் ஒரு யானை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சீட்டு நல்ல உயரம். ஜன்னல் மீனுவின் கண்ணுக்கு நேராக இருந்தது. மாகறல் சாலையில் விட்டேன். பாலம் வந்தது, போனது. பின்னால் சத்தமே இல்லை. கோமதி திரும்பிப் பார்த்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயைப் பிளந்து எலுமிச்சம்பழம் தூங்குகிறார். அவர் மடியில் மீனு தூங்குகிறாள். என் மகன் பழத்தைச் சப்பி முகம் சுளித்துக்கொண்டிருக்கிறான்.

மாகறல் கோயில் வாசலில் எழுப்பினோம். வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"வரலியே!"

"வண்டி நல்ல வண்டிண்ணே!" என்று நான் குதித்தேன்.

"இரு சார். வண்டி நல்லாக்குதா, இல்ல என் வவுறு கெட்டுப்போச்சா? எத்த நம்பறது? நாப்பது வருசமா வராம இருந்ததே இல்ல சார்!" கண்ணில் தண்ணீர் நின்றது. "பொயப்பே பூடுமே!"

அங்கே நின்ற டவுன் பஸ்ஸில் விறுவிறுவென்று ஏறிவிட்டார். நாங்கள் பின்னாலேயே ஓட்டினோம். கோமதி கையைக் குவித்து, சாமியிடம் இன்னொருவருக்கு வாந்தி வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டாள். ஊர் எல்லை வருவதற்குள் பஸ் ஜன்னலில் அந்தத் தலை நீண்டது. பிறகு நிமிர்ந்து, வாயைத் துண்டால் துடைத்து, தேர்தலில் ஜெயித்தவர்போல இரண்டு கையையும் ஆட்டினார்:

"வந்துடுச்சு சார்! வந்துடுச்சு! வண்டி சொக்கத் தங்கம், முடிச்சுடு!"

அன்று மாலை குண்டான்கள் மூட்டைக்குள் இறங்கின.

நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய காலையில் அவர் பூசைக்கு வந்தார். சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தார். மூன்றுதான் வைத்தார்.

"நாலு சக்கரத்துக்கு மூணு பழமாண்ணா?" என்றாள் கோமதி.

"நாலாவது பாப்பாக்குமா. சக்கரத்துக்கா கொமட்டப் போவுது?"

மீனு அந்தப் பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீயும் வா மாமா. இந்த வண்டில ஒனக்கு வராதே."

"அதான் பாப்பா பயமே. மறுபடியும் தூங்கிட்டன்னு வெச்சிக்கோ, அப்புறம் எவன் என்ன வண்டி பாக்கக் கூப்புடுவான்?"

பழங்கள் நசுங்கின. தெரு முழுக்க அந்த வாசனை. கண்ணாடியில் பார்த்தேன்: தெரு நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். துண்டு வாயில் இல்லை, கண்ணில் இருந்தது. மீனுவுக்கு அவர் முகம் எதற்காக அப்படிக் கோணுகிறது என்று தெரிந்துவிட்டதாக நினைப்பு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"மாமா, கிட்டக்க பாக்காத! தூரமா பாரு!"

"தூரமா போற ஒன்னதான் பாத்துக்கினு இருக்கேன் பாப்பா!"