நாலாவது க்ளைமாக்ஸ்

"எல்லாம் சொன்னீங்க. முடிவ மட்டும் விட்டுட்டீங்களே" என்றாள் சுபத்ரா, அவரைக்காயின் நாரை உரித்தபடி.

தினகரன் பதில் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது; அது இல்லாவிட்டாலும் அவன் பேச்சே அப்படித்தான். அவனிடம் ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் கிளம்பிப் போய்விடும். கல்யாணமான புதிதில் சுபத்ரா அதைக் கோபம் என்று நினைத்தாள். அப்புறம் காதில் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். காது நன்றாக இருந்தது. "கேட்ட கேள்விய யோசிக்கிறாரும்மா. எல்லா புருஷனும் யோசிக்கிறதில்ல" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து அவள் எதையாவது கேட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் முன்னாடி உக்காந்து கதை சொல்லணும். எங்கிட்டயே சொல்லலன்னா அங்க போய் எப்படிங்க வாய் வரும்?"

நியாயமான கேள்விதான். பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மேனேஜர் தினகரன். லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் லாரி வராவிட்டாலும் குடியிருப்பவர்கள் வந்து அவனைத் திட்டுவார்கள். அவன் பேசாமல் கேட்டுக்கொள்வான். அந்த வேலைக்கு அந்தக் குணம் பொருத்தம். சினிமாவுக்குப் பொருந்தாது. அங்கே எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். மழை வந்தால் மழையாக, சண்டை வந்தால் சண்டையாக, பாட்டு வந்தால் தொடையில் தாளம் போட்டு.

கதை நன்றாகத்தான் இருந்தது. குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து தெரியும் பஸ் நிறுத்தத்தில் நடக்கிற கதை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, ஒருவன் ஓடி ஓடி பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சீட் பிடித்துக் கொடுக்கிறான். அவனுக்கென்று போக ஓர் ஊர் இல்லை. வருஷா வருஷம் ஒரு பெண் வருகிறாள். அவளுக்கும் பிடித்துக் கொடுக்கிறான். கடைசி வருஷம் அவள் ஜன்னலிலிருந்து குனிந்து, "பக்கத்து சீட் காலிதான். வர்றியா?" என்கிறாள்.

அதற்கு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் க்ளைமாக்ஸ். அதை தினகரன் எவரிடமும் மூச்சு விட்டதில்லை. பயம்தான் காரணம். வடபழனி டீக்கடையில் ஆர்வமாகக் கதை சொன்னவர்கள், பின்னால் அதே கதையைத் தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்க்க நேர்ந்த விபரீதங்களை அவன் நிறையக் கேள்விப்பட்டிருந்தான்.

ஆனால் சுபத்ரா இப்போது அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கைவேலை நின்றால் விஷயம் பெரிதாகிறது என்று அர்த்தம்.

அந்த நெருக்கடியில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கேட்கிற ஆளுக்கு ஒரு பொய் முடிவாகச் சொன்னால் என்ன? நாளைக்குக் கதை திருட்டுப் போனாலும், எந்த முடிவு வெளியே வருகிறது என்பதை வைத்து யார் வாய் என்று பிடித்துவிடலாம். தன் புத்தியை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"ஏறிடறான்" என்றான். "அவ ஊருக்குப் போய் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறாங்க."

சுபத்ரா அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

மறுநாள் லோகு கேட்டான். கோவளத்துக்காரன், சேலையூரில் மீன் கடை வைத்திருக்கிறான். தினகரனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போதிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் பேசி வருகிறான்.

"இன்னா தினா, அந்தப் பொண்ணு அங்க கூப்டுகினு கீது, நீ பாட்டுக்கு நிறுத்திட்டு குந்தியிருந்தா இன்னா அர்த்தம்? முடிவச் சொல்லு. இல்லாங்காட்டி வஞ்சிரம் தல உனுக்குக் கெடையாது."

வஞ்சிரத் தலைக் குழம்பு தினகரனின் பலவீனம்.

"அவன் போலீஸ்" என்றான். "மஃப்டில இருக்கான். அந்த பஸ்ல ஒரு கடத்தல்காரன் இருக்கான். ஓடற பஸ் மேல சண்டை."

லோகு வெட்டுக்கத்தியைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டான். "உள்ள இத்தினி வெச்சிகினா வாயத் தொறக்காம சுத்திகினு இருந்த? அடப்பாவி."

மூன்றாவது ஆள் மோகன்ராஜ். சுபத்ராவின் அண்ணன். பம்மலில் பெயிண்ட் கடை. வெள்ளிக்கிழமை சந்திப்பை ஏற்பாடு செய்ததே அவர்தான். மாடம்பாக்கத்தின் பூர்வீகக் குடும்பத்துக்காரர் தனக்கோடி, ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டி, அதற்கு மோகன்ராஜ் கடையில் பெயிண்ட் வாங்கினார். ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் அந்தக் கடையில்தான் வெளியிட்டார்.

"வாக்குக் குடுத்தவன் நான், மாப்ள. முடிவு தெரியாம எப்படி நான் கேரண்டி சொல்றது?"

மோகன்ராஜுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர்.

"அந்தப் பொண்ணு உயிரோடவே இல்ல மச்சான்" என்றான் தினகரன். "பல வருஷத்துக்கு முன்னாடி பஸ் விபத்துல போயிட்டா."

மோகன்ராஜ் தன் முன்னங்கையை நீட்டிக் காட்டினார். ரோமம் நின்றிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லோகு வஞ்சிரத்தோடு வீட்டுக்கு வந்ததும், அதை மோப்பம் பிடித்தது போல் மோகன்ராஜ் வந்ததும், மூவரும் ஒரே பந்தியில் அமர்ந்ததும்தான் கோளாறு.

"அந்த பஸ்சு மேல ஃபைட்டு கீது பாரு, தியேட்டரே கிழியும்" என்றான் லோகு, முள்ளை விலக்கியபடி.

"ஃபைட்டா? பேய்கூட யாருய்யா ஃபைட் பண்ணுவான்?" என்றார் மோகன்ராஜ்.

"எந்தப் பேயி?"

"அதாம்பா, அந்தப் பொண்ணு."

"அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிடுதே அண்ணா" என்றாள் சுபத்ரா, கரண்டியோடு.

மூவரும் தினகரனைப் பார்த்தார்கள். தொண்டையில் முள் சிக்கினாற்போல் இருந்தது. நிஜமாகவே சிக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது... மூணும் வேற வேற கதை" என்றான் கடைசியில்.

"மூணுமே பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்லயா?" என்றார் மோகன்ராஜ்.

"ஆமா."

"மூணு பேரும் துண்டு போடறாங்களா?"

"ஆமா."

வேறொருவராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். மோகன்ராஜ் சந்தோஷப்பட்டார். ரசம் சாதம் ஒட்டிய கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் தனக்கோடிக்கு ஃபோன் போட்டார். "சார், மாப்ள கைல ஒண்ணு இல்ல, மூணு கதை இருக்கு சார்." மறுமுனையில் தனக்கோடி, அப்படியானால் காலையிலேயே வரச் சொல்லுங்கள், சாப்பாடும் மண்டபத்திலேயே ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு கதையையே சொல்ல வராதவன் இப்போது மூன்று சொல்ல வேண்டும். மறுநாளே தினகரன் பம்மலுக்கு ஓடினான்.

"மச்சான், ஒரு கதை மட்டும் சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

மோகன்ராஜ் டப்பாவைக் கலக்குவதை நிறுத்தினார். "அப்போ மத்த ரெண்ட வேற எந்த கம்பெனிக்கோ குடுக்கப் போற." தினகரன் மறுப்பதற்காக வார்த்தை தேடிக்கொண்டிருந்தான். அதற்குள் அவர் தனக்கோடியை அழைத்து, மாப்பிள்ளைக்கு வெளியே பெரிய இடத்திலிருந்தெல்லாம் கிராக்கி வருகிறது, தாமதித்தால் கைநழுவிப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் சுபத்ரா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போனவள், கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்து அவன் நெற்றியில் விபூதி வைத்தாள்.

"நாளைக்கு பதறாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

தனக்கோடியின் அலுவலகம் மண்டபத்து மாடியில் இருந்தது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய நரைமுடி, மேசையில் ஒரு சின்னப் பிள்ளையார். மூலையில் பழைய ஏசி ஒன்று மாவு மில் போல இரைந்துகொண்டிருந்தது. அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஜான்சி, அவனை உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

"சொல்லுங்க தம்பி" என்றார் தனக்கோடி.

ஆச்சரியமாக, வாய் வந்தது. ஜி.எஸ்.டி. சாலை வந்தது, கூட்டம் வந்தது, துண்டு பறந்தது. இடைவேளைக்கு முன் தனக்கோடி ஒருமுறை சிரிக்கவும் செய்தார். தினகரனுக்குத் தெம்பு வந்து நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"கடைசி வருஷம் சார். பஸ் கிளம்பப் போகுது. அவ ஜன்னல்ல குனிஞ்சு கேக்கறா, வர்றியான்னு."

"ஏறிக்கிறான். அவ ஊர்ல கல்யாணம்" என்றார் தனக்கோடி. "அதானே?"

தினகரன் நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தான். அந்த முடிவை அவன் சொன்ன காது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"இல்ல சார்" என்றான் அவசரமாக. "அவன் போலீஸ்."

"மஃப்டி. பஸ் மேல சண்டை. கேட்டாச்சு தம்பி."

"அந்தப் பொண்ணு சார்..."

"பேய். அதுவும் வந்துடுச்சு."

அவன் வைத்த பொறி பிரமாதமாக வேலை செய்திருந்தது. ஓர் எலிக்கு வைத்தவன் காலையில் வந்து பார்த்தால், வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். லோகுவுக்கு வாய் நிற்காது, போகட்டும். மச்சானுக்குப் பெருமை தாங்காது, அதுவும் போகட்டும். சுபத்ராவுமா?

"இதெல்லாம் இருக்கட்டும்" என்றார் தனக்கோடி. "அசல் முடிவுன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே. அதச் சொல்லுங்க."

தினகரன் வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு அது தெரிந்தது. அப்படி ஒன்று இல்லை. இத்தனை நாளும் அவன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக் காவல் காத்த வீட்டுக்குள் ஒரு சாமானும் கிடையாது. யாரையும் உள்ளே விடாத மும்முரத்தில் அவனும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டான். பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

தனக்கோடி மறுபடி கேட்கவில்லை. ஃபோன் அதிர்ந்தது, எடுத்துக் கவிழ்த்து வைத்தார். டீத் தட்டோடு உள்ளே வந்த ஜான்சியைப் பார்த்து விரலை உயர்த்தினார். அவள் வாசலிலேயே நின்று, கையை நீட்டிக் கதவோரச் சுவிட்சில் ஏசியை அணைத்தாள். இரைச்சல் அடங்கியது. கீழே மண்டபத்தில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, அதுவும் நின்றது.

அந்த அமைதியில் தினகரன் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னலில் அவள் முகம். பக்கத்து சீட்டில் இவன் போட்ட துண்டு. ஏறலாம். ஏறினால், பின்னால் கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு அடுத்த பஸ்ஸில் யார் இடம் பிடிப்பது? மாட்டேன் என்று சொல்லலாம். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது.

"அந்தத் துண்டு?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார் தனக்கோடி.

"அத அவன் எடுக்கல சார்" என்றான் தினகரன். தன் குரலே தூரத்தில் கேட்டது. "அந்த சீட்டுல வேற யாரையும் அவ உக்கார விடல. துண்டு மட்டும் அவ ஊருக்குப் போகுது."

தனக்கோடி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தார்.

"பண்றோம் தம்பி" என்றார். "திங்கக்கிழமை வக்கீலோட உக்காரலாம்."

இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை. ஆனால் வெளியே வந்த தினகரனால் அதை முழுதாக விழுங்க முடியவில்லை. ஃபோனில் சுபத்ராவின் பெயர் ஒளிர்ந்தது. எடுக்காமல் சட்டைப் பையில் போட்டான். முதலில் ஒன்று தெரிய வேண்டும்.

"எனக்கு முன்னாடி யார் யார் வந்து இந்தக் கதையச் சொன்னாங்க?" என்று ஜான்சியிடம் கேட்டான்.

"மீன் கடைக்காரர் ஒருத்தர் வந்தாரு சார். உங்களுக்காகப் பேச வந்தேன்னு சொல்லி அந்த ஃபைட்டு முழுக்க நடிச்சுக் காட்டினாரு. மேஜை மேல ஏறக்கூடப் பார்த்தாரு. மோகன்ராஜ் சார் ஃபோன்லயே பேய்க் கதைய முடிச்சிட்டாரு."

"அப்புறம்?"

"நேத்து உங்க மிஸஸ் வந்தாங்க. கோயில்லேர்ந்து நேரா."

"அவங்களும் வந்து கதைய சொல்லிட்டாங்க" என்றான் தினகரன் கசப்பாக.

ஜான்சி தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"கல்யாணத்தோட முடியறது எனக்காக சொன்னது, நிஜத்துல அவர்கிட்ட முடிவே இல்ல, அந்த எடம் வந்ததும் வாய மூடிட்டு உக்காந்துடுவாரு, யாரும் குறுக்க பேசாம அந்த ஏசிய மட்டும் அணைச்சிட்டுக் காத்திருங்க, தானா வந்துடும்னு சொல்லிட்டுப் போனாங்க சார்."