மூன்று பேருக்கு ஒரு கார்

"நாங்க சுபஹ் தொழுதிட்டு வெளிக்கிடுறதா, தொழ முன்னமா?" என்று முனவ்வறா கேற்றடியில் நின்றபடியே கேட்டாள்.

நளீர் வாயிலிருந்த தேநீரை விழுங்கினான். முனவ்வறா அவன் மனைவியின் ராத்தா, மூத்த சகோதரி. அடுத்த வளவில் குடியிருப்பவள்.

"எங்க போக, மதினி?"

"எங்க போகவா? கொழும்புக்கு. அந்தத் தண்ணி விளையாடுற பார்க்குக்கு. வரவும் சொல்லி விட்டுட்டு, எங்க எண்டும் கேக்கிறீங்க!"

"ஆரு சொல்லி விட்ட?"

"உங்கட வீட்டால சொல்லி வந்திச்சு. நான் ஒண்டும் கேட்டு வரல்ல." அவள் முகம் சற்று வாடியது. "என்ன, வரப்படாதா?"

கல்முனைக்குடியில் ஒரு வீட்டிலிருந்து சொல் வந்தால் அது அழைப்பு. அதைத் திரும்ப வாங்குவதும், சவன் என்கிற பெரிய கூட்டுத் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பி விடுவதும் ஒன்று. அதிலும் நளீர் குடியிருப்பது மனைவியின் வீட்டில். சுற்றிவர இருப்பதெல்லாம் அவளுடைய சொந்தம்.

"சேச்சே, வாங்க மதினி. தொழுதிட்டு வெளிக்கிடுவம்."

அவள் போனதும் அவன் குசினிக்குள் போனான்.

"றிஸ்லா, ராத்தாட்ட வாய விட்டுட்டியா?"

"நானா? நீங்கதான் பள்ளியடியில மச்சானோட நிண்டு கதைச்சீங்க."

"நான் மழையப் பத்திக் கதைச்சன்."

"நான் மீனப் பத்திக் கதைச்சன்."

இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை.

பயணம் முடிவானதே முந்தின நாள்தான். நளீர், றிஸ்லா, மகள் நப்லா. மூன்றே பேர். பாண்டிருப்புத் தனஞ்சயனிடம் ஒரு சின்னக் கார் சொல்லியிருந்தான். அந்தத் தெருவில் யார் தூரம் போனாலும் தனஞ்சயனின் வண்டிதான்.

எல்லாம் நப்லாவுக்காக. அவளுக்கு ஐந்து வயது. நளீர் கட்டாரில் வேலை செய்கிறான். வருடத்துக்கு ஒரு விடுமுறை. போன் திரையில் கண்டால் வாய் ஓயாமல் "வாப்பா, வாப்பா" என்கிற பிள்ளை, ஆளை நேரில் கண்டதும் கதவுச் சீலைக்குப் பின்னால் போனவள்தான். சீலைக்குக் கீழே இரண்டு பாதம், ஓரத்தில் ஒரு கண். வாப்பா என்று கூப்பிடுவதில்லை. அவனைச் சுட்ட வேண்டி வந்தால் "அவரு" என்றாள்.

ஒரு நாள் அவன் கிணற்றடியில் போய் நின்று றிஸ்லாவின் போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்துப் பார்த்தான். நப்லா பாய்ந்து எடுத்தாள்.

"வாப்பா! எனக்குப் பல்லு ஆடுது!"

"எங்க, காட்டுங்க. மகள், வாப்பா எங்க நிக்கிறன் தெரியுமா?"

"தெரியும். கிணத்தடியில. ஜன்னலால தெரியுது. இஞ்சால வந்திராதீங்க, மறுகா எனக்குக் கதைக்கேலாமப் போயிரும்."

அன்றைக்குத்தான் அவன் தீர்மானித்தான். இந்தத் தெருவும் இந்தச் சீலையும் இல்லாத ஓர் இடம் வேண்டும். ஒரு முழு நாள். தண்ணீர்ச் சறுக்கின் உச்சியில் நின்றால் எந்தப் பிள்ளையும் யாருடைய கையையாவது பிடித்தே ஆகவேண்டும். அந்தக் கை தன்னுடையதாக இருக்கவேண்டும்.

முந்தின நாள் அதையும் கிணற்றடியிலிருந்துதான் சொன்னான். "நாம மூணு பேரும் வண்டி பிடிச்சுக் கொழும்புக்குப் போவம், என்ன?" நப்லா உடனே போனை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கவில்லை என்று நளீர் எண்ணினான்.

இப்போது முனவ்வறாவின் குடும்பம் சேர்ந்ததால், காரை விட்டு வேனுக்குச் சொன்னான்.

அன்று பின்னேரமே தனஞ்சயன் வேனைக் கொண்டுவந்து காட்டினார். நப்லா அதைச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். நளீருக்கு மனம் குளிர்ந்தது.

இனி யாரும் சேராமல் இருக்க ஒரு வழி செய்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலடியில் நின்று, காதில் விழும்படி, "வேன் நிறைஞ்சிட்டு" என்றான். பயணத்தைப் பற்றி அதுவரை அறியாதவர்களும் அப்போது அறிந்தார்கள்.

அடுத்த நாள் காலை மீராமுகைதீன் வந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். எதிர்வீடு.

"வேன் நிறைஞ்சிட்டு எண்டு ஊரெல்லாம் சொல்றாய். எனக்கு எந்த சீட்டு வெச்சிரிக்காய், மகன்? எனக்கு ஜன்னல் இல்லாட்டித் தலை சுத்தும்."

"உங்களுக்கும் சொல்லி வந்ததா, மாமா?"

"வராமலா? நம்மள மதிச்சு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிரிக்காய். அல்லாஹ் உனக்கு பறக்கத் செய்வான்."

நளீர் யோசித்தான். பெரியவரிடம் பொய் சொல்வது பாவம். ஆனால் சின்னப் பொய்.

"மாமா, ஒரு சிக்கல். அங்க சின்னப்புள்ள உள்ள ஆக்கள மட்டும்தான் உள்ளுக்கு விடுவாங்களாம்."

"அப்படியா?" மீராமுகைதீன் தாடியைத் தடவினார். போய்விட்டார்.

மாலையில் சம்மாந்துறையிலிருந்து பேரனைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே பேரனின் தாயும் தகப்பனும். பிள்ளை தாயை விட்டுத் தனியே வராதாம்.

செய்தி பரவியது. இரும்புக்கடை அப்துல் ஹமீட்டுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் தங்கையின் மகனைக் கேட்டார். அந்தப் பையனை ஏற்கெனவே வேறொருவர் கேட்டிருந்தார். அந்த வாரம் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தியின் வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

வேன் போய், தனஞ்சயனின் நடுத்தர பஸ் வந்தது. நப்லா அதையும் சுற்றி வந்தாள். இம்முறை அவள் முகம் ஏனோ தொங்கிப் போயிற்று.

"புள்ளைக்கு வேன்தான் விருப்பம்போல," என்றாள் றிஸ்லா.

"எனக்குக் காருதான் விருப்பம். ஆரு கேக்கிற?" என்றான் நளீர்.

அடுத்த அஸ்திரமாக முனவ்வறாவிடம் போனான். "மதினி, அங்க பொம்புளையளும் தண்ணிக்குள்ள இறங்கத்தான் வேணுமாம். அதுக்கெண்டு தனி உடுப்பு. கழுத்திலயிருந்து கால் வரைக்கும். இல்லாட்டிக் கேற்றோட திருப்பி அனுப்புவாங்களாம்."

முனவ்வறா பயந்தது போலத்தான் இருந்தது. அன்று லுஹர் தொழுகை முடிய அவள் ஒரு முழுச் சுருள் பச்சை நைலோன் துணியோடு தையல்காரி சுல்பிகாவிடம் போனாள். சுல்பிகா இரவு பகலாகத் தைத்தாள். ஒரே பச்சை, ஒரே தைப்பு. மீதித் துணியில் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள். அவளுக்கும் வீட்டிலிருந்து சொல்லி வந்திருந்தது.

அதற்கடுத்து வந்தவர் அபுல் ஹஸன். கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவர்.

"எத்தின சவனுக்கு ஆக்க, தம்பி?"

"நாங்க வழியில கடையில சாப்பிடுவம், காக்கா."

"இவ்வளவு சனத்த வரச் சொல்லிப்போட்டுக் கடையிலயா?" அவர் தலையில் கை வைத்தார். "ஊர் என்ன கதைக்கும்? சட்டி என்ட பொறுப்பு. நானும் வாறன். சொல்லித்தானே விட்டீங்க."

விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. சீலைக்குப் பின்னால் நின்ற பாதங்கள் அங்கேயே நின்றன. கிணற்றடி அழைப்புகளையும் நப்லா எடுப்பதை விட்டுவிட்டாள். எந்த நேரமும் வெளியே ஓடினாள். "எங்க மகள் போற?" என்று கேட்டால், "அப்னாட வீட்ட விளையாட," என்று பின்வேலிப் படலையில் குரல் மட்டும் கேட்கும்.

நளீர் உட்கார்ந்து யோசித்தான். பயணம் ஞாயிற்றுக்கிழமை என்று ஊருக்குத் தெரியும். வெள்ளி போனால்?

"வெள்ளிக்கிழமை விடிய," என்று குசினியில் றிஸ்லாவின் காதருகே சொன்னான். "நாம மூணு பேரும். சின்னக் காரு. ஆருக்கும் மூச்சு விடப்படாது."

"ஜும்ஆ நாளிலயா?"

"வழியில தொழுவம்."

"ஊருக்கு என்ன சொல்ற?"

"போய் வந்து சொல்லுவம்."

றிஸ்லா சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் நம்பினார்கள். அவள் நப்லாவின் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற நப்லா பையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். படலை அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

வெள்ளி சுபஹ் தொழுதுவிட்டு வந்த நளீர் தெருமுனையில் நின்றுவிட்டான். அவன் வீட்டு வாசலில் ஒரு பெரிய பஸ் நின்றது. பஸ்ஸுக்குள்ளும் வெளியிலும் குடலைப் பருவ நெல்வயல்போலப் பச்சை.

"கெதியா வாங்க!" முனவ்வறா ஜன்னலால் கையசைத்தாள். "எல்லாரும் ஏறியாச்சு!"

"அண்ணன்," என்று தனஞ்சயனிடம் போனான். "நான் காருக்கெல்லோ சொன்னன்?"

"நீங்க காருக்குத்தான் சொன்னீங்க, தம்பி. நேத்துப் பின்னேரம் உங்கட மதினி வீட்டுக்கு வந்து, நாள் மாறிட்டு, ஆக்களும் கூடிட்டு, பெரிய பஸ்ஸக் கொண்டாங்க எண்டா."

"மதினி, வெள்ளிக்கிழமை எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

"இதென்ன கேள்வி? உங்கட மகள்தான். மழைக்குள்ள நனைஞ்சு நனைஞ்சு வீடு வீடா வந்து சொன்னா. முதலும் அவதானே வந்து சொன்னா. எல்லாருக்கும் அவதான்."

பஸ் முழுக்க 'ஓம், ஓம்' என்று தலையாட்டியது. "வாயில அப்படி ஒரு மரியாத," என்றார் மீராமுகைதீன், ஜன்னலோரத்திலிருந்து. "'வீட்டால வரச் சொன்ன' எண்டு அழகா நிண்டு சொல்லிச்சு புள்ள."

நளீர் படியில் கால் வைத்தபடி நின்றான். றிஸ்லா சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க அவனோடு தனியே இருக்கவேண்டி வருமென்று அஞ்சி, அந்தப் பிள்ளை ஒரு தெருவையே துணைக்குத் திரட்டியிருக்கிறது.

உள்ளே எட்டிப் பார்த்தான். றிஸ்லாவைப் பெண்கள் நடுவில் அடைத்து வைத்திருந்தார்கள். அவள் கண்ணால் மன்னிப்புக் கேட்டாள். சீட்டெல்லாம் ஆள். நடுவிலே விரிக்கிற சீட்டிலும் ஆள். கடைசியாக மிஞ்சிய ஒரு சீட்டில் அபுல் ஹஸனின் பிரியாணிச் சட்டி, துணி கட்டி, ராஜாபோல இருந்தது.

"காக்கா, அந்தச் சட்டியக் கொஞ்சம் கீழ இறக்கினா..."

"கீழ வெச்சா ஆடும், தம்பி. நானும் முதல்ல கீழதான் வெச்சன். மகள்தான் வந்து இதுல தூக்கி வைக்கச் சொன்னா."

அவனுடைய இடத்தை மகள் பிரியாணிக்குக் கொடுத்துவிட்டாள். நளீர் மெதுவாக இறங்கினான்.

"நீங்க போய் வாங்க," என்றான் பொதுவாக. "புள்ளயப் பாத்துக்கொள்ளுங்க."

"புள்ள எங்க?" என்று றிஸ்லா உள்ளிருந்து கத்தினாள்.

நப்லா பஸ்ஸில் இல்லை. தனஞ்சயன் ஏறி உட்கார்ந்திருந்த பக்கக் கதவடியில், தரையில் நின்றாள். வெறும் கால். தலைமயிர் இன்னும் வாரவில்லை. அவள் சக்கரத்தைத் தாண்டி வந்து நளீரின் முன்னால் நின்றாள். சீலை இல்லை, திரை இல்லை.

"இடமில்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல, மகள்."

"கொஞ்சமும் இல்லியா?"

"கொஞ்சமும் இல்ல."

நப்லா சிரித்தாள். ஆடின பல் விழுந்த ஓட்டை தெரிய முழு வாயாலும் சிரித்தாள். பிறகு எட்டி அவன் சுட்டுவிரலைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்தாள்.

"அப்ப வாங்க, வாப்பா. நாம வீட்ட போவம்."

நளீர் ஒன்றும் புரியாமல் தனஞ்சயனைப் பார்த்தான். அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி கண்ணைத் துடைத்தார்.

"இப்பதான் என்ட காதுக்குள்ள சொன்னா, தம்பி: 'மாமாட வண்டி ஒவ்வொரு முறையும் வாப்பாவக் கொழும்புக்கு ஏத்திப் போய் பிளேனடியில விட்டுட்டுத்தானே வாற, இந்த முறை அவருக்கு இடமில்லாம நான் ஆள் நிரப்பிட்டன்' எண்டு. நீங்க வண்டியப் பெரிசாக்கப் பெரிசாக்க, பாவம், புள்ள அடுத்த தெருவுக்கும் நடக்கவேண்டி வந்திட்டு."